கோவையில் கேமரா வழிகாட்டும் முதுகெலும்பு அறுவை சிகிச்சை: கூடுதல் கட்டணம் தகுமா?

முதுகெலும்பு அறுவை சிகிச்சையில், கருவியின் முனை எங்கே இருக்கிறது என்பதைக் கேமராவின் உதவியோடு எலும்பின் ஸ்கேன் படத்தின் மேல் திரையில் காட்டும் ‘நேவிகேஷன்’ வசதிக்கென்று தனிக் கட்டணம் வாங்கும் மருத்துவமனைகள் கோவையில் இப்போது ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் என் அக்காவின் மகளுக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, வளைவு 60 டிகிரியைத் தாண்டிவிட்டதால், அவற்றுள் ஒன்றில் அந்த வசதியோடு அறுவை சிகிச்சை நடந்தது. கட்டணம் தகுமா என்று கேட்பவர்களுக்கு, அவளுடைய நிலைமைக்குத் தகும் என்பதே என் பதில். ஆனால் மருத்துவமனையின் வண்ண விளம்பரத் தாளில் எந்தக் காரணத்தைச் சொல்லி அதை விற்கிறார்களோ, அந்தக் காரணத்துக்காக அல்ல. பில் விஷயத்தில் குறை சொல்ல வேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரையும் கருவியை விற்ற நிறுவனத்தின் பெயரையும் எழுதவில்லை.

என் தொழில் அளவெடுப்பது. கணபதியில் பம்ப் உதிரிபாகங்களையும் வார்ப்புகளையும் அளந்து சான்று கொடுக்கும் கூடம் வைத்திருக்கிறேன். ஆகவே, ‘பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் துல்லியம்’ என்று அந்தத் தாளில் படித்தவுடன், எதை எதனோடு ஒப்பிட்டு, எந்தத் தூரத்தில், யார் அளந்த துல்லியம் என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. அக்காவும் மாமாவும் நாள், கட்டணம், அறை ஆகியவற்றைப் பேசிக்கொண்டிருந்தபோது நான் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனையின் பயோமெடிக்கல் பொறியாளரைத் தேடிப் போனேன். அவர் சலிக்காமல் பதில் சொன்னார் என்பதை இந்தச் சேவையின் முதல் நன்மையாகக் குறிக்கிறேன்.

இந்த அறுவையில் அப்படி என்ன நுணுக்கம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். முள்ளெலும்பின் முன்பக்கம் கனமான உருளை போன்ற உடல் பகுதி; பின்பக்கம் தண்டுவடத்தைக் காக்கும் வளைவு. இரண்டையும் இடமும் வலமுமாகச் சேர்க்கும் குறுகிய எலும்புப் பாலத்தைப் பெடிக்கிள் என்கிறார்கள். கோணலை நிமிர்த்த வேண்டுமானால் பின்பக்கத்திலிருந்து அந்தப் பாலத்தின் வழியாகவே திருகுகளை இறக்கி, அவற்றை உலோகக் கம்பிகளோடு பிணைக்க வேண்டும். நடு மார்புப் பகுதியில், அதாவது டி4 முதல் டி6 வரையிலான முள்ளெலும்புகளில், அந்தப் பாலத்தின் அகலம் பெரியவர்களுக்கே ஏறத்தாழ 4 அல்லது 5 மில்லிமீட்டர்தான். இறக்கும் திருகின் விட்டமும் கிட்டத்தட்ட அதே அளவு. உட்புறம் சறுக்கினால் தண்டுவடம், மேலும் கீழும் நரம்பு வேர்கள், முன்னால் போனால் பெருந்தமனி. போதாக்குறைக்கு, பக்கவளைவு உள்ளவர்களின் முள்ளெலும்புகள் வளைவதோடு நிற்காமல் தம்மைத் தாமே முறுக்கிக்கொண்டும் இருக்கும்; வளைவின் உட்பக்கத்துப் பெடிக்கிள் இன்னும் ஒடுங்கியிருக்கும். சாதாரண முதுகில் கைப்பழக்கத்தால் கண்டுபிடிக்கக்கூடிய கோணம் இங்கே எலும்புக்கு எலும்பு மாறுகிறது.

கேமரா இல்லாமலும் இந்த வேலை பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. பிரான்ஸைச் சேர்ந்த ரோய்-காமில் 1960களில் பெடிக்கிள் வழியாகத் திருகு போடத் தொடங்கியதிலிருந்து, எலும்பின் மேடுபள்ளங்களை அடையாளமாக வைத்துத் துளையிட்டு, நுனியில் சிறு குமிழ் உள்ள கம்பியை உள்ளே விட்டு நாலு சுவரையும் தடவிப் பார்த்து, படுக்கையைச் சுற்றி நகர்த்தக்கூடிய ‘சி’ வடிவ எக்ஸ்ரே கருவியான சி-ஆர்மில் சரிபார்த்துத் திருகை இறக்குவதே வழக்கம். தேர்ந்த கைகளுக்கு அது நன்றாகவே வரும். கிம், லெங்கே ஆகியோரின் அமெரிக்கக் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 394 பேருக்குக் கைப்பழக்கத்தாலேயே மார்புப் பகுதியில் இறக்கிய 3,204 திருகுகளால் நரம்புப் பாதிப்போ ரத்தக்குழாய்ப் பாதிப்போ ஏற்படவில்லை, சி.டி. ஸ்கேனில் பார்க்கப்பட்ட 577 திருகுகளில் 6.2 சதவீதம் எலும்புச் சுவரைக் குறிப்பிடத்தக்க அளவு துளைத்திருந்தன. எனவே, நேவிகேஷன் இல்லையென்றால் அறுவையே ஆபத்து என்று வரவேற்பு மேசையில் யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. எங்களிடம் ஒருவர் அப்படித்தான் சொன்னார். அறுவை சிகிச்சை நிபுணர் அப்படிச் சொல்லவில்லை.

கருவியை அறுவை அரங்குக்குள் போய்ப் பார்க்க முடியாது. ஆனால் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அறையில் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்றை வைத்து அந்தப் பொறியாளர் இயக்கிக் காட்டினார். நகரும் தூணின் உச்சியில் அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் ஒரு பட்டை. அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு லென்ஸ். லென்ஸைச் சுற்றி வட்டமாகக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி உமிழும் சிறு விளக்குகள். எலும்பில் பிடிமானமாக மாட்டிய சட்டத்திலும், மருத்துவர் கையில் பிடிக்கும் கருவிகளிலும் சாம்பல் நிற உருண்டைகள் மூன்று நான்கு பொருத்தப்பட்டிருக்கின்றன. தம்மேல் விழும் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் பூச்சு அவற்றின் மேல் உண்டு. ஒவ்வொரு கருவியிலும் உருண்டைகளின் இடைவெளி வேறுவேறாக இருப்பதால், எது துளைக்கும் ஊசி, எது திருகாணி முடுக்கி என்று கணினி தானே பிரித்தறிகிறது.

இரண்டு லென்ஸ்களிலும் ஒரே உருண்டை சற்று வேறு இடத்தில் விழும். அந்த இடப்பெயர்ச்சி கூடினால் பொருள் அருகில், குறைந்தால் தொலைவில். லென்ஸின் குவியத் தூரத்தை இரு லென்ஸ்களின் இடைவெளியால் பெருக்கி, இடப்பெயர்ச்சியால் வகுத்தால் தூரம் கிடைத்துவிடும். இரட்டைக் கேமராப் பார்வையின் கணக்கு அடிப்படையில் இவ்வளவுதான். இதில் தொழில்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, தூரத்தை அளப்பதில் வரும் பிழை தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும் என்பது. கேமராவை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் பிழை நான்கு மடங்காகும். ஆகவே தூணை எங்கே நிறுத்துகிறார்கள் என்பது அலங்கார விஷயமல்ல. செவிலியர்களின் நடமாட்டத்துக்கு இடைஞ்சல் என்று கால்மாட்டில் ஒதுக்கி வைத்துவிட்டு, விளம்பரத் தாளில் உள்ள துல்லியத்தை எதிர்பார்க்கக் கூடாது.

பொறியாளர் கூர்முனைக் கம்பி ஒன்றை என் கையில் கொடுத்து, பிளாஸ்டிக் எலும்பின் பின்முள்ளின், அதாவது முதுகுப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு முனையின், நுனியைத் தொடச் சொன்னார். திரையில் குறுக்குவெட்டு, நெடுக்குவெட்டு, முப்பரிமாணம் என மூன்று கட்டங்களிலும் பச்சைக் கோடு ஒன்று நான் தொட்ட இடத்திலேயே வந்து நின்றது. கையை அரை மில்லிமீட்டர் நகர்த்தினாலும் கோடும் நகர்ந்தது. பிறகு அவர் ஒரு லென்ஸின் முன் தம் உள்ளங்கையை நீட்டினார். கோடு உடனே மறைந்து, அந்தக் கருவியின் பெயருக்கு அருகே சிவப்பு விளக்கு வந்தது. ஒரு கண் மறைந்தாலும் கணக்கு நின்றுவிடும் என்பதை அவர் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்து, உருண்டை ஒன்றின் மேல் ஈரப் பஞ்சால் சிவப்பு மையைப் பாதியளவு தடவினார். இந்த முறை விளக்கு சிவக்கவில்லை. கோடு மட்டும் மெதுவாக ஓரமாகச் சாய்ந்து நின்றது. உருண்டையின் மீதிப் பாதி மட்டும் ஒளிரும்போது கேமரா அதன் நடுப்புள்ளியைத் தவறாக எடுத்துக்கொள்கிறது. அரங்கில் ரத்தம் தெறிப்பது புதிய செய்தியல்ல. மறைந்தால் எச்சரிக்கும் கருவி, அழுக்கானால் எப்போதும் எச்சரிக்கும் என்று சொல்ல முடியாது. அந்தச் செயல்விளக்கத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது இந்த நிமிடம்தான். விற்பனைக்காரர்கள் யாரும் இதைக் காட்டியிருக்க மாட்டார்கள்.

இனி அந்தப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கு வருவோம். கனடாவின் வாட்டர்லூ நகரத்தைச் சேர்ந்த நார்தர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் போலாரிஸ் வகைக் கேமராக்கள்தான் பல நிறுவனங்களின் நேவிகேஷன் கருவிகளுக்குள் இருக்கின்றன. அவற்றுள் வேகா என்ற மாதிரிக்குத் தயாரிப்பாளரே சொல்லும் துல்லியம் 0.12 மில்லிமீட்டர். அந்த எண்ணை நான் சந்தேகிக்கவில்லை. அது நேர்மையான எண். ஆனால் அது வரையறுத்த வெளிக்குள் உருண்டையின் இடத்தைக் கேமரா எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்பதற்கான எண்ணே தவிர, திருகு எலும்பில் எவ்வளவு சரியாக இறங்கும் என்பதற்கானது அல்ல. இரண்டுக்கும் நடுவே சி.டி. படத்தின் அடுக்குத் தடிமன் இருக்கிறது. படத்தையும் படுத்திருக்கும் உடலையும் பொருத்தும் கணக்கு இருக்கிறது. எலும்பில் மாட்டிய சட்டத்தின் பிடிமானம் இருக்கிறது. நீண்ட கருவியின் வளைவு, மூச்சு விடும்போது மார்புப் பகுதி முள்ளெலும்புகள் ஏறி இறங்குவது, கடைசியாக மருத்துவரின் கை எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். எங்கள் தொழிலில் இதை அளவீட்டின் நிச்சயமின்மைக் கணக்கு என்போம். மிகச் சிறிய எண்ணை மட்டும் எடுத்துச் சான்றிதழில் போட்டால் தணிக்கைக்கு வருபவர் கையெழுத்திட மாட்டார். முதுகெலும்பு நேவிகேஷனில் மொத்தப் பிழை 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஏற்கத்தக்கது என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. வண்ணத் தாளில் போட வேண்டிய எண் அது.

அந்த 2 மில்லிமீட்டர்கூட எல்லா இடத்துக்கும் ஒன்றல்ல. ராம்பர்சாட், சைமன், ஃபோலி ஆகியோர் 2001-இல் ஒரு வடிவியல் கணக்கை வெளியிட்டார்கள். குறிப்பிட்ட விட்டமுள்ள திருகு பெடிக்கிளின் சுவரைத் தொடாமல் இறங்க எவ்வளவு பிழையைத் தாங்கலாம் என்ற கேள்விக்கு, இடுப்புப் பகுதியின் எல்5-இல் 3.8 மில்லிமீட்டரும் 12.7 டிகிரியும் தாங்கலாம், டி5-இல் தாங்கக்கூடிய பிழை பூஜ்யம் என்று அது பதில் சொல்கிறது. பூஜ்யம் என்பது எந்தக் கருவியாலும் கொடுக்க முடியாத துல்லியம். நடைமுறையில் எலும்புச் சுவர் சற்று விரிந்து கொடுக்கும். 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக வெளியேறும் திருகுகள் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. 1990-இல் கெர்ட்ஸ்பைன், ராபின்ஸ் இருவரும் வகுத்த தரப் பட்டியலும் அப்படிப்பட்டவற்றை, முழுதும் எலும்புக்குள்ளேயே இருப்பவற்றுக்கு அடுத்த இரண்டாம் தரத்தில்தான் வைக்கிறது. இருந்தாலும், இடுப்பில் திருகு போடுவதற்கும் நடு மார்பில் போடுவதற்கும் உள்ள தூரத்தை இந்த இரண்டு எண்களைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் பார்க்கவில்லை. எல்லா நோயாளிகளுக்கும் ஒரே வாசகத்தைச் சொல்லி ஒரே கட்டணத்தை வாங்குவது சரியில்லை என்று நான் நினைப்பதற்குக் காரணமும் இதுவே.

கருவியின் பக்கம் பேசும் ஆதாரம் நம் ஊரிலேயே இருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் நடத்தி 2007-இல் ‘ஸ்பைன்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், முதுகெலும்புக் கோணல் உள்ள 33 பேருக்கு மார்புப் பகுதியில் 478 திருகுகள் போடப்பட்டன. யாருக்கு நேவிகேஷன், யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். நேவிகேஷன் இல்லாத பிரிவில் 23 சதவீதத் திருகுகளும், உள்ள பிரிவில் 2 சதவீதத் திருகுகளும் பெடிக்கிள் சுவரைத் துளைத்திருந்தன. ஒரு திருகை இறக்க ஆன சராசரி நேரமும் 4.61 நிமிடத்திலிருந்து 2.37 நிமிடமாகக் குறைந்தது. உலகெங்கும் இன்றும் மேற்கோள் காட்டப்படும் இந்த ஆய்வு மேட்டுப்பாளையம் சாலையில் செய்யப்பட்டது என்பது கோவைக்காரர்களில் பலருக்குத் தெரியாது. (நான் எழுதும் மருத்துவமனை அதுவல்ல.) முன்பு சொன்ன அமெரிக்க ஆய்வையும் இதையும் அருகருகே வைத்துப் படித்தால், மிகத் தேர்ந்த கையுள்ளவருக்குக் கருவியால் கிடைக்கும் லாபம் குறைவு, கோணலான முதுகில் மற்றவர்களுக்கு அது அதிகம் என்று கொள்ளலாம். எங்கள் பெண்ணுக்கு வேண்டும் என்று நான் சொன்னது இதை வைத்துத்தான்.

அறுவைக்கு முன் நிபுணரோடு நடந்த பேச்சு நீண்டதல்ல, ஆனால் நல்ல பேச்சு. அக்கா ஒளிவுமறைவில்லாமல் கேட்டாள்: “ஏனுங்க டாக்டர், எல்லாம் கேமராவே பாத்துக்கும்னா அப்புறம் நீங்க எதுக்குங்க?” மாமா அவள் கையைத் தட்டினார். மருத்துவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: “கேமரா எலும்பைப் பாக்கறதில்லீங்கம்மா. எலும்புல மாட்டியிருக்கற உருண்டையத்தான் பாக்குது. யாராவது முழங்கையில சட்டத்தை இடிச்சுட்டா, எலும்பு நகந்துருச்சுன்னு அது நெனச்சுக்கும். அத நான்தான் கண்டுபிடிக்கணுங்க.” கருவியைப் பற்றி நான் கேட்டவற்றிலும் படித்தவற்றிலும் இதைவிடத் துல்லியமான விளக்கம் கிடைக்கவில்லை. சில திருகுகளுக்கு ஒரு முறை, தெளிவாகத் தெரியும் எலும்பு முனை ஒன்றைக் கூர்முனைக் கம்பியால் தொட்டு, திரையிலும் அதே இடம் வருகிறதா என்று பார்ப்பதாகவும், வராவிட்டால் திரையை நம்புவதில்லை என்றும் அவர் சொன்னார்.

அது வெறும் பேச்சல்ல என்று அறுவை முடிந்தபின் தெரிந்தது. சட்டத்தை முதுகின் கீழ்ப்பகுதியில் ஒரு பின்முள்ளில் மாட்டியிருந்தார்கள். சட்டத்திலிருந்து விலகிப் போகப் போகத் துல்லியம் குறையும். அதுவும் கீழே எலும்புகளைத் தளர்த்தி வேலை செய்த பிறகு மேல் எலும்புகள் படத்தில் இருந்த அதே இடத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மேல் மார்புப் பகுதிக்கு வந்தபோது திரை காட்டிய பாதையும் குமிழ்க் கம்பி கைக்குச் சொன்ன பாதையும் ஒத்துவரவில்லை. மருத்துவர் அங்கேயே நிறுத்தி, சட்டத்தை மேலே மாற்றி மாட்டி, அரங்கிலேயே மறுபடி, நோயாளியைச் சுற்றி வந்து முப்பரிமாணப் படம் எடுக்கும் சுழல் எக்ஸ்ரே எடுத்துப் புதிய படத்தோடு பொருத்திவிட்டுத் தொடர்ந்திருக்கிறார். அறுவை நேரம் நீண்டதற்கு இதுதான் காரணம் என்று எங்களிடம் அவரே சொன்னார். வெளியே காத்திருந்த எங்களுக்கு அந்த நேரம் எப்படிப் போனது என்பது வேறு கதை. நரம்புகளின் மின் சைகைகளைத் தொடர்ந்து கவனிக்கும் கண்காணிப்பும் உடன் நடந்தது. கேமரா வைத்திருக்கிறோம் என்று அதைத் தவிர்க்கும் மருத்துவமனை இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மறுமுறை எடுத்த அந்தப் படத்துக்கு ஒரு விலை உண்டு, அது பணம் மட்டுமல்ல. சுழல் எக்ஸ்ரே எடுக்கும்போது மருத்துவரும் செவிலியர்களும் காப்புச் சுவருக்குப் பின்னால் போய்விடலாம். கையில் சி-ஆர்மோடு நாள் முழுதும் நிற்பவர்களுக்கு இந்த முறையால் கதிர்வீச்சு வெகுவாகக் குறைகிறது. படுத்திருக்கும் நோயாளிக்கு அப்படியல்ல. சாதாரண சி-ஆர்ம் படங்களைவிடப் பெரும்பாலும் அவருக்குக் கூடுதலாகவே கிடைக்கும். வளரும் வயதில், அதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பழகிய ஒரு பெண்ணுக்கு இது பொருட்படுத்த வேண்டிய விஷயம். குறைந்த அளவுக் கதிர்வீச்சில் படம் எடுக்கும் அமைப்பு கருவியில் உண்டு. அதைப் பயன்படுத்துவீர்களா என்று கேட்டதற்கு ஆம் என்றார்கள். நாங்கள் கேட்டிராவிட்டால் அதைப் பற்றிய பேச்சே வந்திருக்காது.

இந்த இடத்தில், இரட்டைக் கேமராவையே வேறு விதமாகப் பயன்படுத்தும் இன்னொரு வகையையும் சொல்ல வேண்டும். கனடாவின் டொராண்டோவில் தொடங்கிய 7டி சர்ஜிக்கல் நிறுவனத்தின் கருவிக்கு அமெரிக்க அரசின் அனுமதி 2017-இல் கிடைத்தது. அந்த நிறுவனம் 2021-இல் சீஸ்பைன் கைக்கும், 2023-இல் இணைப்பின் மூலம் ஆர்த்தோஃபிக்ஸ் கைக்கும் போனது. அதில் அறுவை அரங்கின் மேல்விளக்குக்குள்ளேயே கேமராக்களும் ஒளிக்கோலம் வீசும் கருவியும் இருக்கின்றன. திறந்து வைத்த எலும்பின் மேல் கட்டங்கட்டமாக ஒளியை வீசி, அதன் நெளிவைக் கேமராக்களால் பார்த்து, எலும்பின் மேற்பரப்பை ஆயிரக்கணக்கான புள்ளிகளாக எடுத்து, முன்பே எடுத்த சி.டி. படத்தோடு சில நொடிகளில் பொருத்திவிடுகிறது. அரங்கில் எக்ஸ்ரே தேவையில்லை; பொருத்தம் கெட்டால் இன்னொரு முறை விளக்கைக் காட்டினால் போதும். எங்களுக்கு நடந்த இடறலுக்கு இது நேரான மருந்து என்பது என் எண்ணம். ஆனால் எலும்பின் மேல் தசையோ ரத்தமோ ஒட்டியிருக்கக் கூடாது; அகலத் திறக்காமல் சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவைக்கு இந்தப் பொருத்தும் முறை ஒத்துவராது; முன்பு மல்லாந்து படுத்து எடுத்த சி.டி. படமும் இப்போது குப்புறப் படுத்திருக்கும் முதுகும் ஒன்றல்ல என்பதால் முள்ளெலும்புகளைத் தனித்தனியாகப் பொருத்திக்கொண்டே போக வேண்டும். நாங்கள் போன இடத்தில் இந்த வகை இல்லை.

மற்ற வசதிகளை விரிக்கத் தேவையில்லை. அறை சுத்தம், செவிலியர்கள் அன்பானவர்கள், உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்த பெண் பொறுமைசாலி, லிஃப்ட் எப்போதும் கூட்டம், கேன்டீனில் கொடுப்பதைச் சாம்பார் என்று சொல்ல மனம் வரவில்லை.

பில்தான் இந்தச் சேவையின் பலவீனம். முன்மதிப்பீட்டில் நேவிகேஷன் என்று ஒரே வரி இருந்தது. கடைசிப் பில்லில் அது கருவிக் கட்டணம், ஒருமுறை பயன்படுத்தும் உருண்டைகள், அரங்கச் சுழல் எக்ஸ்ரே என்று மூன்றாகப் பிரிந்து, எக்ஸ்ரேக்கு எதிரே இரண்டு என்ற எண்ணிக்கையும் இருந்தது. மருத்துவர் தம் எச்சரிக்கையால் எடுத்த இரண்டாவது படத்துக்கு நாங்கள் பணம் கொடுத்தோம் என்பதில் எனக்குக் கோபம் இல்லை, அதை எடுக்காமல் விட்டிருந்தால்தான் கோபப்பட்டிருப்பேன். ஆனால் துல்லியத்தை உறுதிசெய்வது இந்தச் சேவையின் உள்ளேயே அடங்கியது. அதைத் தனியாக விற்கத் தொடங்கினால், செலவுக்குப் பயந்து மறுபடம் வேண்டாம் என்று குடும்பத்தார் கையெழுத்துப் போடும் நாள் வரும். ஒரே கட்டணமாக, எத்தனை முறை படம் எடுத்தாலும் மாறாததாக வைப்பதே முறை. கணக்குப் பிரிவின் மேலாளர் இதைக் கேட்டுக்கொண்டு, “மேலே சொல்றேனுங்க” என்றார்.

காப்பீட்டிலும் ஒரு சிக்கல். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வெளியிட்ட விதிகளில், நிறுவனங்கள் ஒதுக்கிவிடக் கூடாத நவீன சிகிச்சைகளின் பட்டியல் ஒன்று இருந்தது. ரோபோ அறுவையும், அறுவையின்போது செய்யும் நரம்புக் கண்காணிப்பும் அதில் பெயர் சொல்லி இடம்பெற்றிருந்தன; உச்சவரம்பு வைக்க மட்டும் நிறுவனங்களுக்கு அனுமதி இருந்தது. கேமரா நேவிகேஷன் என்ற பெயர் அதில் இருக்கவில்லை. அக்காவின் பாலிசியில் கண்காணிப்புக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு நேவிகேஷன் வரியை நிறுத்தி வைத்தார்கள். மருத்துவ அவசியத்தை விளக்கி நிபுணர் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்த பிறகு ஒரு பகுதி வந்தது. கோணல் பிறவியிலேயே வந்தது அல்ல என்று டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் தெளிவாக எழுதச் சொல்வதும் நல்லது, காப்பீட்டு நிறுவனத்தார் அதையும் கேட்டார்கள்.

யார் இந்தக் கட்டணத்தைக் கொடுக்கலாம் என்று பெருந்துறையிலிருந்து ஒரு நண்பர் கேட்டார். அவருடைய அப்பாவுக்கு எல்4, எல்5 இரண்டுக்கும் நடுவே எலும்பு நழுவியிருக்கிறது, முதல் அறுவை, எலும்பு அகலமான இடம். அந்த இடத்தில் நிறையச் செய்து பழகிய மருத்துவர் கிடைத்தால் நேவிகேஷன் இல்லாமலே செய்துகொள்ளலாம், அந்தப் பணத்தைக் கண்காணிப்புக்கோ நல்ல அறைக்கோ வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கழுத்து, நடு மார்பு, பெரிய கோணல், முன்பே அறுவை நடந்து எலும்பின் அடையாளங்கள் அழிந்துபோன முதுகு என்றால் கொடுக்கத் தயங்க வேண்டாம். கேமரா இருக்கிறதா என்று கேட்பதைவிட, அதை வைத்துக் குறிப்பிட்ட அந்த நிபுணர் எவ்வளவு காலமாகச் செய்கிறார், ஒத்துவராவிட்டால் என்ன செய்வார், கருவியை அரங்கில் இயக்குபவர் மருத்துவமனை ஊழியரா அல்லது அன்றைக்கு மட்டும் வந்துபோகும் நிறுவன ஆளா என்று கேளுங்கள். எங்களுக்கு வந்தவர் நிறுவன ஆள். திறமைசாலிதான், ஆனால் ஒப்புதல் படிவத்தில் அவர் அரங்கில் இருப்பார் என்ற தகவல் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

பெண் நிமிர்ந்து நடக்கிறாள், பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள், தையல்காரரிடம் சட்டைகளின் அளவை மாற்றக் கொடுத்திருக்கிறாள். திருகுகள் இறங்கிய இடங்களைக் காட்டும் அரங்கப் படங்களை மருத்துவமனை தானாகக் கொடுப்பதில்லை. எழுதிக் கேட்டால் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு ஒரு குறுந்தகட்டில் பதிந்து தருகிறது. அடையாளச் சான்றின் நகலும் ஒரு சிறு கட்டணமும் வேண்டும். கருவியின் கடைசி அளவுச் சரிபார்ப்புச் சான்றையும் அப்படியே கேட்கலாம். எனக்குப் பயோமெடிக்கல் பொறியாளர் தம் மேசையிலிருந்தே எடுத்துக் காட்டினார், தேதி நடப்பு ஆண்டுடையதாக இருந்தது.